மோட்டார் டிரைவ், உபரி, விளிம்பு: கொங்குக் கல்யாணப் படங்களை முன்வைத்து

கொங்கு நாட்டில் 'மோட்டார்' என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் கிணற்று மோட்டார்தான். 'மோட்டார் ஓடுதுங்களா?' என்று கேட்டால் தண்ணீர் பாய்கிறதா என்று கேட்பதாக அர்த்தம். காமிராவின் அடியில் திருகி மாட்டுகிற மோட்டாரைப் பற்றிப் பேசப்போகும் இந்தக் கட்டுரையிலும் அந்த அர்த்தம் கொஞ்சம் உடன் வரட்டும். இறைக்கிற செலவு குறைந்துபோனால் இறைக்கப்படும் பொருளின் கதி என்ன என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

முதலில் கருவியைப் பற்றி. பிலிம் காமிராவில் ஒரு படம் எடுத்த பிறகு வலது கட்டைவிரலால் லீவரை இழுக்கவேண்டும். அந்த ஓர் இழுப்பில் பிலிம் அடுத்த கட்டத்துக்கு நகரும். ஷட்டரும் அதிலேயே முறுக்கேறும். ஆட்டோ வைண்டர் இந்த இழுப்பை மட்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. மோட்டார் டிரைவ் அதைவிடக் கனமானது, வேகமானது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் விடும்வரை எடுத்துக்கொண்டே போகும். 1976இல் கேனான் ஏஇ-1 காமிராவோடு வந்த பவர் வைண்டர் நொடிக்கு 2 படம் எடுத்தது. நிக்கான் எப்எம்2வுக்கு மாட்டிய எம்டி-12, எட்டு பென்டார்ச் செல்லை வயிற்றில் போட்டுக்கொண்டு நொடிக்கு 3 படத்துக்குச் சற்று மேல் ஓடும். ஒரு ரோலில் 36 படம். அதாவது பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல் இருந்தால் 12 நொடிக்குள் ரோல் காலி. மூன்று முடிச்சுப் போட்டு, மாப்பிள்ளை கையை எடுப்பதற்குள் போட்டோக்காரர் அடுத்த ரோல் மாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட வேகம் யாருக்குத் தேவைப்பட்டது? இந்தக் கருவியின் வம்சாவளியைப் பார்த்தால் அதில் கல்யாணம் எங்கேயும் இல்லை. 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைப் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்து எடுத்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறது என்பதைக் கண் பார்க்கவில்லை, காமிரா பார்த்தது. 1882இல் பிரான்சில் மாரே செய்த கருவி ஒரு துப்பாக்கி. குண்டுக்குப் பதிலாக நொடிக்குப் பன்னிரண்டு படம். 1934இல் ஜெர்மனியில் வந்த 'ரோபாட்' என்ற சிறு காமிரா கடிகாரம் போல் ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டால் தானே பிலிமை நகர்த்தியது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படை அதைப் பயன்படுத்தியது. 1959இல் வந்த நிக்கான் எப் காமிராவுக்கான எப்36 மோட்டார் பத்திரிகைப் படக்காரர்களின் கைக்கு வந்தது. விளையாட்டு மைதானத்துக்கும் போர்முனைக்கும் போனது. பரிசோதனைச்சாலை, ராணுவம், பத்திரிகை என்ற இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு: பிலிமுக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி படம் எடுப்பவரின் தலையில் விழுவதில்லை. 

கண் தவறவிடுவதைக் காமிரா பிடித்துவிடும் என்ற இந்த நம்பிக்கைக்கு வால்டர் பெஞ்சமின் 1931இல் 'பார்வையின் நனவிலி' என்று ஒரு கோட்பாட்டுப் பெயரும் கொடுத்துவிட்டார். இதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் இது ஒன்றுதான் பார்ப்பது என்று சொன்னால் சம்மதிப்பது கஷ்டம். ஈரோட்டிலிருந்து அந்தியூர் கொஞ்ச தூரம்தான். அங்கே ஆடி மாதம் குருநாதசாமி திருவிழாவோடு கூடுகிற சந்தைக்கு வரும் குதிரைகளுக்கு நடையும் பார்க்கிறார்கள், சுழியும் பார்க்கிறார்கள். சுழி பார்க்கிறவருக்குக் குதிரை நிற்கவேண்டும். அவர் அதைச் சுற்றி வரவேண்டும். நொடியைப் பன்னிரண்டாக வெட்டிப் பயனில்லை. ஓடவிட்டுப் பார்க்கிற அறிவும் நிற்கவைத்துப் பார்க்கிற அறிவும் ஒரே சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

புகைப்படம் பற்றி எழுதுகிறவர்கள் மோட்டார் டிரைவுக்கு எதிராக வழக்கமாக நிறுத்துவது கார்த்தியே-பிரெஸ்ஸோனை. (1950 ஏப்ரலில் ரமணர் மறைந்த இரவில் அவர் திருவண்ணாமலை ஆசிரமத்தில் இருந்தார், நம் ஊர்க்காரர்களுக்கு அவர் அந்நியர் இல்லை.) 1952இல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலப் பெயர் 'தீர்மானமான கணம்' என்று ஒரு சித்தாந்தமாகவே ஆகிப்போனது. பிரெஞ்சுத் தலைப்பு அப்படிப்பட்டதல்ல. ஏறக்குறைய 'அவசரமாய்க் களவாய் எடுத்த படங்கள்' என்று வரும். தெருவில் கடை விரித்து போலீஸ் வந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்குப் பொருத்தமான சொல் அது. ஆங்கிலத்துக்குப் போனபோது களவு கழன்றுபோய் மேதைமை வந்து ஒட்டிக்கொண்டது. மேதையானவன் ஒரு தடவைதான் சுடுவான், மற்றவன் மோட்டார் வைத்து முப்பது தடவை சுடுவான், ஒன்றாவது விழும் என்பது இந்தச் சண்டையின் சாரம். எனக்கு இந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை. இரண்டு தரப்பும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: நல்ல படத்தை எப்படிப் பிடிப்பது? பிடித்த பிறகு மற்றவை என்ன ஆகின்றன, மற்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்று கேட்பவர் இல்லை.

ஈரோட்டு ஸ்டுடியோக்களில் 1980களிலும் 90களிலும் கல்யாணப் படம் எடுத்த முறையை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் காமிரா. 120 பிலிம், ரோலுக்கு 12 படம், பக்கவாட்டில் கைப்பிடியைச் சுற்றி நகர்த்த வேண்டும். பிறகு 35 எம்.எம். வந்து 12 என்பது 36 ஆனது. கணக்கு மட்டும் மாறவில்லை. 'எத்தனை ரோலுங்க ஓடுச்சு?' என்பதுதான் பெண் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி. ரோலுக்கு இத்தனை, பிரிண்டுக்கு இத்தனை என்று பேசி முடித்த பிறகு, எடுத்த ஒவ்வொரு நெகடிவும் பிரிண்டாகி ஆல்பத்தில் ஏறியாக வேண்டும். கண் மூடியிருந்தாலும் ஏறும். காசு கொடுத்தாச்சு இல்லையா. ஈரோட்டுக்காரரான பெரியார் தன்னோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களிடம் இயக்கத்துக்கென்று காசு வாங்கியவர். ஒரு படம் என்பது ஒரு செலவு என்ற உணர்வு இந்த ஊருக்குப் புதிதல்ல.

இந்தப் பொருளாதாரத்துக்குள் மோட்டார் வந்து சேர்ந்தபோது நடந்தது என்ன? முதலாவதாக அது ஓடமுடியவில்லை. மண்டபத்துக்குள் வெளிச்சம் பிளாஷிலிருந்து வரவேண்டும். முழு வெளிச்சம் ஒரு தடவை அடித்த பிளாஷ் மறுபடி தயாராகச் சில நொடி ஆகும். செல் பழசானால் இன்னும் அதிகம். காமிரா நொடிக்கு மூன்று எடுக்கத் தயார், பிளாஷ் தயாரில்லை. அழுத்திப் பிடித்தால் முதல் நெகடிவில் தாலி இருக்கும், இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய வெற்றுக் கண்ணாடி. ஆக, விலை கொடுத்து வாங்கிய மோட்டாரை ஒற்றை ஒற்றையாகவே ஓட்டினார்கள். அதிலும் ஒரு நியாயமான பயன் இருந்தது. லீவரை இழுக்கும்போது கண் காமிராவை விட்டு விலகும், இழுத்த பிறகு மறுபடி சட்டகத்தைத் தேடவேண்டும். மோட்டார் இருந்தால் கண்ணை எடுக்கவேண்டாம். இடது கையில் பிளாஷ், தோளில் பை, பின்னாலிருந்து இடிக்கும் பங்காளிகள் என்று நிற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. இன்னொரு பயன் ஓசை. 'சர்ர்க்' என்ற அந்தச் சத்தம் கேட்டால் பெரிய காமிரா வந்திருக்கிறது என்று பந்தலுக்குத் தெரிந்தது. வேகத்துக்காகச் செய்த கருவி இங்கே கண்ணுக்கு ஓய்வாகவும் காதுக்கு அந்தஸ்தாகவும் மாறிப்போனது. ஒரு கருவியின் அர்த்தம் அதைச் செய்த ஜப்பானியத் தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கட்டுரையின் விஷயம் இதுவும் அல்ல. எல்லா நெகடிவும் ஆல்பத்தில் ஏறியாக வேண்டும் என்ற கட்டாயத்துக்கு யாரும் எதிர்பாராத ஒரு விளைவு இருந்தது. அதற்குக் கொங்குக் கல்யாணத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

கொங்கு வேளாளர் திருமணத்தில் சடங்கை நடத்துகிறவர் அருமைக்காரர். பிள்ளைப்பேறு கண்டு, அருமைச் சீர் செய்துகொண்டு தகுதி பெற்றவர், அதே சாதிக்காரர். மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் உண்டு. இவர்களெல்லாம் மையம். கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தை நின்று சொல்கிறவர் நாவிதர். அவருக்கு இந்த அமைப்பில் 'குடிமகன்' என்று பெயர். (அரசியல் சாசனம் நம் எல்லோருக்கும் கொடுத்திருக்கிற பெயரும் அதுதான். ஒரே சொல் ஒரு இடத்தில் உரிமையையும் இன்னொரு இடத்தில் ஊழியத்தையும் குறிக்கிறது. தமிழ் தன் வேலையைச் செய்கிறது.) நடந்து வரும் வழியில் மாற்றுத் துணி விரிக்கிறவர் வண்ணார். மண்டபத்து வாசலுக்கு வெளியே பறை. இவர்கள் இல்லாமல் சீர் நடக்காது; ஆனால் இவர்களைப் படம் எடுக்கச்சொல்லி யாரும் போட்டோக்காரரைக் கூப்பிட்டதில்லை.

பழைய ஆல்பங்களில் இவர்கள் இருக்கிறார்கள். பாதி உடம்பாக, முதுகாக, விரித்த துணியின் ஓரத்தில் குனிந்த தலையாக, மணமகனின் தோளுக்குப் பின்னால் திறந்த வாயாக இருக்கிறார்கள். போட்டோக்காரர் ஜனநாயகவாதி என்பதால் அல்ல. அந்த நொடியில் அவருக்கு ஒரு நெகடிவ்தான் இருந்தது. குடிமகன் சட்டகத்துக்குள் வந்துவிட்டார் என்று இன்னொன்று எடுத்தால் கணக்கில் ஒன்று கூடும், வீட்டுக்காரர் ஏன் ஒரே மாதிரி ரெண்டு என்று கேட்பார். இருப்பது போதும் என்று விடவேண்டியிருந்தது. எடுத்தது பிரிண்டாகியது, பிரிண்டானது ஆல்பத்தில் ஒட்டப்பட்டது. பற்றாக்குறையின் தயவில் விளிம்பு உள்ளே வந்தது.

மோட்டார் இதை மாற்றக்கூடிய சாத்தியத்தைக் கொண்டுவந்தது. ஒரே சீரை எட்டுத் தடவை எடுத்தால் அதில் ஏதோ ஒன்றிலாவது நாவிதர் தலை மறைந்திருக்கும், வண்ணார் குனிந்தபடி சட்டகத்துக்குக் கீழே போயிருப்பார். அந்த ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். மற்ற ஏழும் உபரி. உபரி என்ற சொல்லை நாம் இதுவரை உழைப்போடும் லாபத்தோடும் சேர்த்துத்தான் பேசிவந்திருக்கிறோம். படத்தில் உபரி என்பது விலக்கும் அதிகாரம். எவ்வளவு அதிகம் எடுக்கிறோமோ அவ்வளவு அதிகம் விலக்க முடிகிறது. படங்கள் பெருகினால் பலரும் படத்தில் வருவார்கள் என்பதுதான் பொதுப்புத்தி. கல்யாண ஆல்பத்தைப் பொறுத்தவரை இதற்கு நேர்மாறாகவே நடந்திருக்கிறது.

இந்த ஊரில் இப்படி ஒன்றைச் சொன்னால் உடனே விசைத்தறியைக் காட்டுவார்கள். கைத்தறிக்கு விசைத்தறி எப்படியோ, லீவருக்கு மோட்டார் அப்படி என்பார்கள். சென்னிமலையிலும் பவானியிலும் கைத்தறியும், நகரைச் சுற்றிலும் விசைத்தறியும் இருக்கிற மாவட்டத்தில் இந்த உவமை வாயில் வந்துவிடுவது இயல்பு. 1985இல் கைத்தறிக்கென்று சில துணி ரகங்களை ஒதுக்கி மத்திய அரசு சட்டமே போட்டது. ஆனால் உவமை பொருந்தவில்லை. தறியில் நாடா எத்தனை தடவை ஓடினாலும் ஓடிய ஒவ்வொரு இழையும் துணியில் இருக்கிறது. விசைத்தறி அதே துணியை அதிகமாக நெய்கிறது. அதன் கொடுமை நெசவாளியின் கூலியில் இருக்கிறது, துணியின் உள்ளே இல்லை. மோட்டார் டிரைவ் ஓட்டிய எட்டு இழையில் ஏழைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒன்றைத் துணி என்று காட்டுகிற தறி. அப்படி ஒரு தறியைப் பள்ளிபாளையத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கையால் நெய்வதற்கு ஒதுக்கீடு கேட்டதுபோல் கையால் நகர்த்துவதற்கு ஒதுக்கீடு கேட்கவும் நான் வரவில்லை. கையில் ஏதோ அறம் இருக்கிறது, மோட்டாரில் இல்லை என்ற காந்திய ஏக்கம் இங்கே உதவாது. பழைய போட்டோக்காரரின் கையும் சாதி உள்ள கைதான்.

காட்டு விலங்குப் படங்களில் மோட்டார் இல்லாமல் முடியாது என்று ஒரு வாதம் உண்டு. இதற்கு அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) போதுமான பதில். பல பாகங்களைத் தானே பொருத்திச் செய்துகொண்ட ஒரு காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயர் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் முதுமலை யானைகளை எடுத்தவர். அவருடைய படங்களில் யானை இருக்கிற அளவுக்கு அது நிற்கிற காடும் இருக்கிறது. அந்தியூரில் சுழி பார்க்கிறவரின் பார்வைக்கு நெருங்கியது இது. இதற்கு எதிர்முனையில் நியூயார்க்கின் தெருக்களை எடுத்த கேரி வினோகிராண்ட். 1984இல் அவர் இறந்தபோது கழுவப்படாமலே கிடந்த ரோல்கள் சுமார் 2,500. எடுத்தவரே பார்க்காத படங்கள். அங்கே உபரி, பொறுக்குகிறவரையே மிஞ்சிவிட்டது. எடுப்பது ஒரு வேலை, பொறுக்குவது வேறொரு வேலை என்று இரண்டாகப் பிரிந்துவிட்டதை அந்த 2,500 ரோலைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

பொறுக்காத ரோலுக்கு என்ன பலம் என்பதை நம் நாட்டில் எல்லோரும் ஒரு தடவை பார்த்திருக்கிறோம். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். காமிரா பிழைத்தது, அதற்குள் பத்துப் படங்கள் இருந்தன. விசாரணை அந்தப் பத்தையும் எடுத்த வரிசையில் வைத்துப் படித்தது. மாலையோடு நின்ற பெண்ணும், ஓரத்தில் குறிப்பேட்டோடு நிருபர் போல் நின்ற ஆணும் அப்படித்தான் அகப்பட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அந்த ரோலிலிருந்து 'நல்ல' படம் ஒன்றை மட்டும் பொறுக்கி மற்றதை எறிந்திருந்தால், எறியப்பட்டதில் யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். பிலிமின் ஓரத்தில் அச்சான எண் ஒரு சாட்சி. 14க்கும் 16க்கும் நடுவில் 15 இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் இல்லாததும் தெரியும்.

இப்போது அந்த எண் போய்விட்டது. ஊட்டியில் 1960இல் தொடங்கி 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்த அரசுத் தொழிற்சாலை மூடப்பட்டாயிற்று. கோடாக் 2012இல் திவால் மனு கொடுத்தது. 2021இல் வந்த நிக்கான் இசட்9 காமிராவில் நகர்த்துவதற்குப் பிலிம் இல்லை என்பது மட்டுமில்லை, திறந்து மூட ஷட்டர் திரையும் இல்லை. முழுத் தரத்தில் நொடிக்கு 20 படம், தரத்தைக் குறைத்தால் 120. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய நொடியையும் அதில் சேமித்துக்கொள்ளலாம். 'சர்ர்க்' சத்தத்துக்கு மட்டும் உள்ளே ஒரு சிறு ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். அந்தஸ்துக்கான ஓசை என்று ஈரோட்டு மண்டபம் அன்றைக்கே கண்டுபிடித்ததை நிறுவனம் இன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது.

மோட்டார் டிரைவ் வைத்திருந்த கனவு இப்போதுதான் கொங்கு மண்டபத்தில் நிறைவேறியிருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். ஆல்பத்தில் வருவது அதில் சிறு பங்கு. மண்டபத்திலிருந்து தள்ளி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆல்பம் டிசைனர் பொறுக்குகிறார். அவருக்கும் உதவியாக, கண் திறந்திருக்கிறதா, முகம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத் தானே தள்ளிவிடும் மென்பொருள் வந்திருக்கிறது. முதுகு காட்டி நிற்கிறவருக்கு, குனிந்து துணி விரிக்கிறவருக்கு அந்த மென்பொருள் என்ன மதிப்பெண் போடும்? தப்பித்தவறி உள்ளே வந்துவிட்டால் பின்னணியை மங்கலாக்குகிறார்கள், அல்லது அழித்துவிட்டு அங்கே பூ வரைகிறார்கள். இதில் சாதி நோக்கம் இருக்கிறது என்று டிசைனர் மேல் பழி போடமுடியாது. அழகாக இருக்கட்டும் என்று செய்கிறார். அழகு என்ற சொல் இந்தக் காரியத்தை எத்தனை காலமாகச் செய்துவருகிறது என்பது அவர் கேள்வியல்ல, நம் கேள்வி.

மறுபக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். இன்றைக்கு அந்த நாவிதரின் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஆயிரம் படம் எடுக்கிறார்கள். அங்கே அவர் மையம். ஒற்றை நெகடிவின் காலத்தில் இது எளிதாக வாய்த்ததில்லை. படம் மலிந்ததால் கிடைத்த லாபம் இது, சின்ன லாபமில்லை. ஆனால் அவரவர் ஆல்பத்தில் அவரவர் மையமாக இருப்பது ஒன்று. ஒருவர் சீரில் இன்னொருவர் செய்த வேலை அந்தச் சீரின் ஆல்பத்தில் பதிவாவது வேறொன்று. இரண்டாவதுதான் வரலாறு எழுத உதவும்.

அந்த இரண்டாவது இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மூடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டுடியோக்களின் பரணில் நெகடிவ்கள் கவர் கவராகக் கிடக்கின்றன. இடம் காலி செய்யும்போது அவை எடைக்குப் போகின்றன, இல்லாவிட்டால் குப்பைக்கு. கொங்குச் சடங்குகள் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர்கள் அருமைக்காரர்களிடம் பேட்டி எடுக்கிறார்கள், மங்கல வாழ்த்துக்குப் பாடபேதம் பார்க்கிறார்கள். ஸ்டுடியோ பரணுக்கு ஏறிய ஆய்வாளரை நான் கேள்விப்பட்டதில்லை. ஏறுகிறவர் ஆல்பத்தைக் கேட்கவேண்டாம், நெகடிவ் கவரைக் கேட்கட்டும். 1இலிருந்து 36 வரை ஒன்று விடாமல், எடுத்த வரிசையில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கட்டும். நடுவை முதலில் பார்க்கவேண்டாம்.